வலிக்குது அண்ணி

என் முகம் உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். இன்று காலையில்கூட யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போகப் பிடிக்காதவர், பரீட்சைக்குப் படிக்காதவர், மாமியார் ஊரிலிருந்து கிளம்பிவிட்டார் என்று போன் வந்தவர், எல்லோரும் அனுப்புவது என் முகத்தைத்தான். இடது கை சுவரில், வலது கை வயிற்றில், கீழுதடு பல்லுக்கு அடியில், கண் பாதி மேலே செருகியிருக்கும். கீழே கொட்டை எழுத்தில் 'வலிக்குது அண்ணி' என்று போட்டிருக்கும். அந்த அண்ணி நான்தான். பெயர் ரஞ்சிதம். பெயரை இதுவரை யாரும் கேட்டதில்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு 'பங்காளி காம்பவுண்ட்' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம். ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு அண்ணன் தம்பி குடும்பங்கள். மூத்த மருமகள் அலமேலுவாக, காம்பவுண்டுக்கே அண்ணியாக, நான் நடித்தேன். வீட்டில் வேலை என்று பேச்சு வந்தால் அலமேலுவுக்கு வயிற்றுவலி வந்துவிடும். பிரியாணிப் பொட்டலம் வந்தால் வலி போய்விடும். வாரா வாரம் இதே கூத்துதான். ஜனங்களும் வாரா வாரம் சிரித்தார்கள்.

எங்கள் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமை படப்பிடிப்பு முடிந்ததும் ஒவ்வொரு நடிகரையும் தனியாக ஒரு நீலச் சுவர் முன்னால் நிறுத்துவார்கள். டைரக்டர் திருஞானம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். 'கோபம்' என்பார், கோபப்பட வேண்டும். 'வெட்கம்', 'சந்தேகம்', 'பக்கத்து வீட்டில் என்ன குழம்பு' என்று வரிசையாக வரும். அப்படி எடுத்து வைத்த முகங்களை, பிறகு எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே எடிட்டர் ஒட்டிக்கொள்வார். சுவத்து ஷாட் என்று அதற்குப் பெயர். வசனம் கிடையாது, எதிரில் ஆள் கிடையாது. கூப்பிட்ட உணர்ச்சியைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை நான் மூன்று மாதம். யூனிட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் கர்ப்பமான ஒரு பெண்ணைக் கதையில் துபாய்க்கு அனுப்பிவிட்டார்கள், அதன் பிறகு அவள் திரும்பி வரவே இல்லை. மஸ்கட்டில் இருந்த என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. லீவில் வரும்போது நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தெரிந்தது என் தங்கை வடிவுக்கு மட்டும்தான்.

திருஞானம் சார் 'வயித்துவலி' என்று கூப்பிட்டார். அதே நொடியில் நிஜமாகவே வந்தது. கத்தினால் விஷயம் வெளியே தெரிந்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். பதினோரு விநாடி. யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. கட் சொன்ன பிறகு, சுவரை விடாமல் நின்றுகொண்டு, "டேக் ஓகேவா சார்?" என்று கேட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

சாப்பாட்டுக் கேரியரோடு வந்திருந்த வடிவுதான் என்னை ஆட்டோவில் ஏற்றி கிளினிக்குக் கூட்டிப் போனாள். குழந்தை தங்கவில்லை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தபடியே திருஞானம் சாருக்குப் போன் போட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"சார், அது நடிப்பு இல்ல சார். எனக்குக் கலைஞ்சிடுச்சு. அந்த ஷாட்டை மட்டும் போட்டுடாதீங்க."

"ஐயோ, என்னம்மா சொல்றே. சத்தியமா போட மாட்டேன். நீ உடம்பைப் பாத்துக்கோ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு, ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்தப் பதினோரு விநாடியும் டீவியில் வந்தது. மேலே சிரிப்புச் சத்தம் ஒட்டியிருந்தார்கள். வடிவு எழுந்து போய் டீவியை அணைத்தாள். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

அப்போது யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. தொடர் முடிந்தது. வீட்டுக்காரர் ஊருக்கு வந்தார், திரும்பிப் போனார், ஒரு நாள் மாரடைப்பில் போயே போய்விட்டார். அவருக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை. தொடர் முடிந்து ஏழு வருடம் கழித்து யாரோ ஒரு கல்லூரிப் பையன், எந்த ஊர் என்று தெரியாது, பழைய வீடியோவிலிருந்து என் முகத்தை வெட்டி எடுத்து 'நாளைக்கு செமஸ்டர்' என்று எழுதிப் போட்டான். ஒரு வாரத்தில் அது கரண்ட் கட்டுக்கு ஆனது. பிறகு கிரிக்கெட் தோல்விக்கு, கல்யாணத்தில் மொய் எழுதுகிற இடத்துக்கு, பெட்ரோல் விலைக்கு. கீரைக்காரம்மா தன் போனைக் காட்டி, "இது நீதானேக்கா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா. ஸ்டிக்கர் வந்தது, பனியன் வந்தது, பிறந்தநாள் கேக்கில் என் முகத்தைக் கிரீமில் வரைந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுவார்கள். வேலையே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கடை திறப்பு விழாக்கள் வந்தன. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி என்னைக் கிண்டியில் ஓட்டல் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தியது. மைக்கைக் கொடுத்து என் நடிப்பைப் பற்றிக் கேட்டார்கள், பேசினேன். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனேன். வடிவு மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். சாலிகிராமத்தில் நானும் அவளும்தான் ஒரே வீட்டில். முகம் அச்சு அசல் என் முகம், எங்கள் அம்மாவின் முகம். என் மீமைப் பார்த்து அவள் ஒரு நாளும் சிரித்ததில்லை. ஒரு தடவை வகுப்பில் யாரோ அவளுக்கே அதை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு என் கிளாஸ்ல உன் புள்ளையோட சாவைப் பாத்து முப்பத்தெட்டுப் பேர் சிரிச்சாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவள் பேச்சே அப்படித்தான், கணக்குப் போடுகிற மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வடிவுக்கு வயிற்றுவலி. ஆட்டோ பிடித்து, பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உங்களுக்குத்தான் தெரியுமே, இப்போது எங்கே போனாலும் வாசலில் வலிமானி இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒரு காமிரா. முன்னால் நின்றால் முகத்தைப் படித்து வலி பத்துக்கு எவ்வளவு என்று சொல்லும். ஏழுக்கு மேல் என்றால் சிவப்பு டோக்கன், நேராக உள்ளே. வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பச்சை டோக்கன் விழுந்தது.

"இது தப்பா காட்டுது சிஸ்டர்" என்றேன்.

அங்கே இருந்த நர்ஸ் பெயர் ஜெனிட்டா. நாகர்கோவில் பக்கத்துப் பெண். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க அந்த அண்ணிதானே? மிஷின் பத்துக்கு ஒண்ணுகூட இல்ல, புள்ளி ஆறுன்னு போடுது. பக்கத்துல 'நடிப்பு'ன்னும் போடுது."

"என் தங்கச்சி நடிக்கிறாளா?"

"நான் சொல்லலக்கா, மிஷின் சொல்லுது. முன்னாடியெல்லாம் யாரு சத்தம் போடுறாங்களோ, யாருக்கு ஆள் தெரியுமோ, அவங்கதான் முதல்ல உள்ள போவாங்க. வாயில்லாதவங்க வெளியவே கெடந்து செத்தாங்க. அதுக்காகத்தான் இதைக் கொண்டுவந்தாங்க. இதுல நான் கை வச்சா என் வேலை போயிரும்."

நான் கெஞ்சினேன். நான் கெஞ்சுவதை நாலு பேர் போனில் படம் பிடித்தார்கள். ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்று என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவள், மதியம் இரண்டு மணிக்கு மயங்கி விழுந்தாள். மயங்கியவள் முகம் தளர்ந்துவிட்டது, அதில் நடிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்போதுதான் சிவப்பு டோக்கன் வந்தது. குடல்வால் வெடித்து வயிறெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். மூன்று மணி நேர ஆபரேஷன். பிழைத்தாள்.

பிழைத்துவிட்டாள் என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட முடிந்ததா? கட்டிலுக்கு மேலேயும் ஒரு வலிமானி இருந்தது. வலி மருந்து சுவரில் ஒரு பெட்டிக்குள் பூட்டியிருக்கும். நாலுக்கு மேல் காட்டினால்தான் பூட்டுத் திறக்கும். இந்த அளவெல்லாம் வைப்பதற்கு முன்னால் அந்த மருந்தை யாரோ வெளியே எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டார்களாம். வடிவின் வயிற்றில் ஒரு சாண் தையல். அவளுக்குப் புள்ளி ஐந்து, புள்ளி மூன்று என்று காட்டிக்கொண்டிருந்தது. வலி கூடக் கூட அவள் உதட்டைக் கடிப்பாள், உதட்டைக் கடிக்கக் கடிக்க அந்த எண் இறங்கும்.

இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். ஜெனிட்டா தன் சொந்தப் பையிலிருந்து சாதாரண மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். அது அந்தத் தையலுக்கு எந்த மூலைக்கு. பக்கத்துக் கட்டிலில் தீக்காயம் பட்ட ஒரு அம்மா, முகம் முழுக்கக் கட்டு. அவருக்கு மட்டும் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் தவறாமல் ஊசி போட்டார்கள்.

"அவங்க முகம் மிஷினுக்குத் தெரியாதுல்லா. பத்து நிமிஷம் முகம் தெரியலைன்னா பூட்டு எங்க கைக்கு வந்திரும். நாங்களே பாத்துப் போடணும்" என்றாள் ஜெனிட்டா.

மூன்றாம் நாள் காலை வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த மிஷினுக்கு இந்த முகம் நடிப்புன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாருன்னு கண்டுபிடி. எனக்கு இப்படியே இன்னும் பத்து நாள் தாங்காது."

யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். நேராக வளசரவாக்கம் போனேன்.

திருஞானம் சாருக்கு எண்பது வயது இருக்கும். கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, அலமேலு. வாம்மா, வாம்மா."

"ரஞ்சிதம் சார்."

"உக்காரு. காபி போடறேன்."

அவர் ஃப்ரிட்ஜ் கதவில் என் முகத்தைக் காந்தமாக ஒட்டி வைத்திருந்தார். அதற்கு அடியில் மளிகைச் சாமான் சீட்டுச் சொருகியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி மேசையில் வைத்தேன்.

"சத்தியம் பண்ணீங்களே சார்."

அவருக்குப் புரிந்துவிட்டது. காபிப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை சானலுக்கு எபிசோடு குடுத்தாகணும்மா. ஒரு எடத்துல பதினோரு செகண்ட் கொறைஞ்சுது. வேற ஷாட்டே இல்ல."

"பதினோரு செகண்டை ரொப்ப என் புள்ளைதான் கெடைச்சுதா?"

அவர் மேசையில் கிடந்த காந்தத்தைக் கவிழ்த்து வைத்தார். "நீயும் அடுத்த வாரம் ஷூட்டிங் வந்தே. ஒரு வார்த்தை கேக்கல. சரி, மன்னிச்சிட்டா போலிருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

"மன்னிக்கல சார். வேலைக்குப் பயந்தேன். நீங்க நெனச்சது உங்க சௌகரியத்துக்கு நெனச்சது." என் குரல் அந்தச் சின்ன வீட்டில் பெரிதாகக் கேட்டது. "இப்ப அது முடிஞ்ச கதை. வலிமானி பண்ற கம்பெனிக்கு அந்த டேப்பைக் குடுத்தது யாரு? நீங்கதானே? நடிப்புன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"டேப் குடுத்தேன். பழைய நகைச்சுவைத் தொடர் எல்லாத்தையும் வாங்கினாங்க. எது நிஜ உணர்ச்சி, எது நடிப்புன்னு மிஷினுக்குப் பாடம் நடத்தறதுக்குன்னு சொன்னாங்க. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கட்டம் நிரப்பணும்." அவர் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன் ஷாட்டுக்கு 'தெரியாது'ன்னு போட்டேன். உண்மையை எழுத எனக்குத் தைரியம் இல்ல. பொய் எழுதக் கை வரல."

"பின்ன யாரு எழுதினது?"

"அவங்களையே போய்க் கேளும்மா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலிலேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் யாரையோ காப்பாற்றுகிறார், கிழவர் இப்போதும் ஏமாற்றுகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன்.

கம்பெனி தரமணியில். என் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே வழி கிடைத்தது, அந்த ஒரு லாபம் உண்டு. புகார்களைக் கவனிக்கிற அபிதா என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், மரியாதையான பெண். வடிவின் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. தன் மேசைத் திரையில் எதையோ தேடி எடுத்தாள்.

"மேடம், உங்க ஷாட் எங்களுக்குச் சாதாரண ஷாட் இல்ல. அதுதான் அளவுகோல். நிஜ வலி மாதிரியே இருக்கிற நடிப்பு எப்படி இருக்கும்னு மிஷின் அதை வச்சுத்தான் கத்துக்கிச்சு. யாராவது கத்தாம, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, சாஞ்சு நின்னா அது உங்க ஷாட்டோட ஒப்பிட்டுப் பாக்கும். உங்க முகவெட்டே இருந்துட்டா கேக்கவே வேணாம்."

"கத்தாம நிக்கிறவங்க எல்லாருமா?"

"எல்லாரும் இல்ல. கொஞ்சப் பேர்."

"எத்தனை பேரும்மா?"

அவள் திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கத்தாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேலும் இருக்கலாம்.

"அது நடிப்பே இல்ல" என்றேன். "நிஜ வலி. யாரோ தப்பா எழுதிட்டாங்க. யாரு எழுதினாங்க, அவங்க பேர் எனக்குத் தெரிஞ்சாகணும்."

அபிதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் ஒரு தயக்கம் இருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். முதல் தடவை இந்த ஷாட்டைக் காட்டினப்ப மிஷின் சரியாத்தான் சொல்லிச்சு. ஒன்பது புள்ளி ரெண்டு, நிஜ வலி, உடனே கவனிக்கவும், அப்படின்னு. காமெடி சீனுக்கு ஒன்பது புள்ளி ரெண்டா, மிஷின் ஏமாந்துடுச்சேன்னு இங்க எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். டைரக்டரும் 'தெரியாது'ன்னு போட்டிருந்தார். அதனால நடிச்சவங்களையே கேட்டுடலாம்னு முடிவு பண்ணினாங்க."

திரையை என் பக்கம் திருப்பினாள்.

கிண்டி ஓட்டல் மேடை. பொன்னாடை. தலை நிறைய மல்லிகைப்பூ. பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருத்தர் மைக்கில் சொல்கிறார், "எங்க மிஷினையே ஏமாத்தின நடிகை இவங்கதான். மேடம், உங்க வாயால சொல்லுங்க, அது நிஜ வலியா, நடிப்பா?" கூட்டம் காத்திருக்கிறது. திரையில் இருக்கிற ரஞ்சிதம் ஒரு விநாடி கீழே பார்க்கிறாள். ஒரே ஒரு விநாடி. பிறகு நிமிர்ந்து சிரிக்கிறாள்.

"முழுக்க முழுக்க நடிப்புங்க."

கைதட்டல் ஓயவே இல்லை. மேடையிலேயே ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? ஐந்நூறு பேர் எதிரில், பொன்னாடையோடு, அது என் பிள்ளை போன நேரம் என்றா? அறுபது தொடரில் நடித்திருக்கிறேன். நல்ல நடிகை என்று ஒருத்தர் சொன்னது அந்தப் பதினோரு விநாடிக்காகத்தான். அதுவும் நடிப்பு இல்லை என்றால் என்னிடம் என்ன மிச்சம். அப்படித்தான் அன்றைக்குக் கணக்குப் போட்டேன். இருபது வருடமாக உலகமே சிரித்த இடத்தில், 'இவளுக்கு வலிக்கிறது, உடனே கவனிக்கவும்' என்று சொன்னது அந்த ஒரு மிஷின்தான். அதையும் நானே தப்பு என்று திருத்திவிட்டு வந்திருக்கிறேன். திருஞானம் சார் செய்தது என் ஒருத்திக்கு மட்டும். நான் செய்தது எத்தனை பேருக்கு என்று சொல்ல அபிதாவுக்கே வாய் வரவில்லை.

"இப்ப மாத்திச் சொல்றேன்" என்றேன். "நிஜ வலின்னு எழுதிக்கோம்மா. கையெழுத்துப் போடறேன்."

"நீங்க சொன்னா மாறும் மேடம். நீங்க மட்டும்தான் மாத்த முடியும். ஆனா காமிரா முன்னாடி சொல்லணும். மாத்திச் சொல்றது உண்மையான்னு அது சரிபார்க்கும்."

"எது சரிபார்க்கும்?"

அவள் மேசைக்கு மேலே கையைக் காட்டினாள். அதே கண்ணாடி.

உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடமாக வடிவையும் திருஞானம் சாரையும் தவிர யாருக்கும் தெரியாததை அந்தக் கண்ணாடியிடம் சொன்னேன். நீலச் சுவர், கேரியர், கிளினிக் பெஞ்சு, மஸ்கட்டில் இருந்த மனுஷன், தட்டில் ஆறிப்போன ரசம் சாதம், ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு அழுகையை என் வாழ்க்கையில் அழுததில்லை. முடித்ததும் திரையில் எழுத்து வந்தது. நடிப்பு, தொண்ணூற்றேழு விழுக்காடு.

அபிதாவும் அழுதிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்றீங்களா மேடம்?" என்றாள். "கொஞ்சம் அழாம."

அழாமல் சொன்னேன். அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னேன். தொண்ணூற்றொன்பது.

"நான் நம்பறேன் மேடம். ஆனா நான் நம்பறேன்னு எழுத இதுல இடமில்ல. மேல அனுப்புறேன். விசாரணை முடிய மூணு மாசம் ஆகும்."

மூன்று மாதம் கழித்து என்ன வந்தால் எனக்கென்ன. வடிவுக்குப் பத்து நாள் தாங்காது. தரமணியிலிருந்து ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் ஆட்டோவில் அழக்கூடத் தோன்றவில்லை. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் என்னை அடையாளம் கண்டுகொண்ட ஆட்டோக்காரர், வயிற்றைப் பிடித்துக் காட்டிச் சிரித்தார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதியம் மூன்று மணி. வார்டில் பார்வையாளர்கள் யாரும் இல்லை. வடிவு கீழுதட்டைக் கடித்துக் கடித்து அங்கே ரத்தம் கட்டியிருந்தது. மேலே கண்ணாடியில் புள்ளி இரண்டு. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு அப்போதுதான் ஊசி போட்டிருந்தார்கள், முகக் கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்தேன்.

"கண்ணை மூடிக்கோடி" என்றேன்.

எங்கள் வழக்கத்தில் முகத்தை மூடுவது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற தங்கையின் முகத்தில், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், அந்தத் துண்டைப் போட்டு மூடினேன். மூச்சு விடும்போது துணி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்து நிமிடத்தில் கண்ணாடியில் 'முகம் தெரியவில்லை' என்று வந்தது. ஜெனிட்டா ஓடி வந்தாள். துண்டைப் பார்த்தவள் முதலில் பயந்துவிட்டாள். பிறகு புரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்து மருந்தை ஏற்றினாள்.

"நாலு மணி நேரத்துக்கு ஒருதரம்க்கா" என்று மெல்லச் சொன்னாள். "நான் இல்லாதப்ப வர்ற சிஸ்டர்கிட்டயும் சொல்லி வைக்கேன்."

அவள் போன பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வடிவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கை இளகியது. துணிக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"யாருன்னு தெரிஞ்சுதா அக்கா?"

"தெரிஞ்சுது."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு விழாவுக்கு நான் வரலேல்ல. வீட்டுல உக்காந்து போன்ல பாத்தேன்."

ஆறு வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். அவள் ஒரு நாளும் இதைக் கேட்கவில்லை. காலையில் யார் என்று கண்டுபிடி என்று என்னை அனுப்பினாளே, தெரியாமல் அனுப்பவில்லை.

"போய் மாத்திச் சொல்லிட்டேன் வடிவு. எல்லாத்தையும் சொன்னேன்."

"அழுதியா?"

"அழுதேன்."

துணி ஒருமுறை மேலே எழும்பி இறங்கியது.

"அப்ப நம்பியிருக்க மாட்டாங்க" என்றாள் வடிவு.